மகனின் முன்பல்லும் ஸ்டெம் செல்லும்

என் மகனுக்கு எட்டு வயதில் மேல்வரிசை முன்பல் ஒன்று உள்ளுக்குள் செத்துப்போனது. பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதைக் காப்பாற்ற வழி தேடியபோதுதான் பல்லில் ஸ்டெம் செல், அதாவது பெருகி வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. முதலில் சொன்னவர் பல் டாக்டர். பின்னாலேயே என் மச்சினன், பல்லின் ஸ்டெம் செல்லைச் சேமித்து வைக்கும் ‘பல் வங்கி’ ஒன்றின் விளம்பரக் கையேட்டை வாட்ஸாப்பில் அனுப்பினான். டாக்டர் சொன்ன ஸ்டெம் செல் மகனின் பல் வேர் நுனியிலேயே இருந்தது. மச்சினன் சொன்னது விழும் பால் பல்லில் இருப்பது, அதைப் பணம் கட்டி மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், ஆனால் சமாச்சாரம் வேறு வேறு. இதை யாராவது முன்பே விளக்கியிருந்தால் சில ராத்திரிகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் மருத்துவன் இல்லை. மதுரையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். படித்ததையும், டாக்டர் பொறுமையாகச் சொன்னதையும், கண்ணால் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஓடும்போது தூணில் மோதிக்கொண்டான். உதடு கிழிந்து, பல்லின் ஒரு மூலை உடைந்தது. பக்கத்தில் இருந்த பல் மருத்துவர் பல் நிறத்திலேயே பூசி அடைத்துவிட்டார். நரம்பு தெரியும் அளவுக்கு உடையவில்லை, ஆனாலும் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார். வலி இல்லை. சாப்பிட்டான், சிரித்தான், கரும்பு கூடக் கடித்தான். சில மாதங்கள் கழித்து அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. அமுக்கினால் சீழ் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் பல்லும் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

குழந்தைக்குப் பல்லில் அடிபட்டால் பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். வலி இல்லை என்பதால் பல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல்லின் நடுவே மென்மையான ஒரு சதை இருக்கிறது, பற்கூழ் என்பார்கள். அதற்குப் போகும் ரத்தக் குழாய்கள் வேரின் நுனி வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. மோதிய வேகத்தில் அங்கே அறுந்துவிட்டால் மேலே சின்ன உடைப்புதான் தெரியும், உள்ளே சதை மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கும். நிறம் மாறுவதும் ஈறில் கொப்புளம் வருவதும் வெகுநாள் கழித்துக்கூட நடக்கும்.

எங்களைக் குழந்தைகள் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கருநிழல். அதைவிட அவரைக் கவலைப்படுத்தியது வேறு ஒன்று. மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கிறது. ஆனால் அதன் வேர் முழு நீளம் வளர்ந்து நுனி மூடுவதற்கு மேலும் இரண்டு மூன்று வருடம் ஆகும். வேரை வளர்ப்பது அந்தப் பற்கூழ்தான். அது பாதியிலேயே செத்துவிட்டதால் என் மகனின் பல் வேர் குட்டையாக, சுவர் மெலிசாக, நுனி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

“வழக்கமான ரூட் கேனால் இதுல செய்ய முடியாது சார்,” என்றார் டாக்டர். “அடைக்கிற பொருள் கீழே நிக்க இடமில்லை. நுனி திறந்து கிடக்கு.”

இருந்த வழிகளைச் சொன்னார். முதலாவது பழைய முறை. கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே வைத்து, மாற்றி மாற்றிப் பல மாதம் காத்திருந்தால் நுனியில் ஒரு தடுப்பு உருவாகும், பிறகு அடைக்கலாம். ஆனால் அந்தப் பசை வெகுநாள் உள்ளே இருந்தால் பல் எளிதில் உடையும். இரண்டாவது, எம்.டி.ஏ. என்ற சிமென்ட் போன்ற பொருளை நுனியில் வைத்து நேரடியாக அடைப்பது. சீக்கிரம் முடியும், நம்பகமானது. ஆனால் வேர் எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில்தான் இருக்கும். மெலிந்த சுவர் மெலிந்ததாகவே இருக்கும். பதினைந்து வயதில் கிரிக்கெட் பந்து பட்டால் ஈறு மட்டத்தில் முறிந்துவிடலாம். மூன்றாவதாகச் சொன்னதுதான் ரீவாஸ்குலரைசேஷன். பல்லுக்குள் மறுபடி ரத்த ஓட்டமுள்ள திசுவை வரவழைக்கும் முயற்சி.

“இதுல ஸ்டெம் செல் வேலை செய்யுது. ஆனா வெளியிலேர்ந்து எதையும் கொண்டு வர்றதில்லை. தம்பியோட வேர் நுனியிலேயே இருக்கு.”

அப்போது அது பாதிதான் எனக்குப் புரிந்தது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வளர்ந்துகொண்டிருக்கும் வேரின் நுனியில் ஒரு சின்னத் திசுமேடு இருக்கிறது. அதில் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2006-இல் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். பற்கூழ் செத்து, சீழ் பிடித்த பிறகும் இந்தத் திசு பல சமயம் பிழைத்துக் கிடக்கிறது. பக்கத்து எலும்பிலிருந்து அதற்குத் தனியாக ரத்தம் கிடைப்பதால் இது நடக்கிறது. கிருமியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தை வேண்டுமென்றே லேசாகக் குத்தி ரத்தம் வரவழைத்தால், ரத்தத்தோடு அந்தச் செல்களும் பல்லுக்குள் வந்து சேரும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருக்கும் ஆய்வாளர்கள் 2011-இல் நோயாளிகளின் பல்லுக்குள் வந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உடம்பில் ஓடும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் அதில் ஸ்டெம் செல் அடையாளங்கள் சில நூறு மடங்கு அதிகம் இருந்தன.

நான் இரண்டு நாள் யோசிக்க நேரம் கேட்டேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. யோசித்து, மூன்றாவது வழிக்குச் சரி என்றோம். தோற்றால் இரண்டாவது வழிக்குத் திரும்பலாம் என்று அவர் சொன்னதுதான் முடிவெடுக்க உதவியது. ‘தோற்றால் வேறு வழிக்குத் திரும்ப முடியுமா’ என்று நீங்களும் கேளுங்கள்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதல் முறை ஊசி போட்டு, வாய்க்கு மேலே ஒரு ரப்பர் ஷீட்டை விரித்து, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார்கள். எச்சில் உள்ளே போகக் கூடாது, மருந்து தொண்டைக்குப் போகக் கூடாது. பல்லின் பின்பக்கம் துளை போட்டதும் ஒரு நாற்றம் வந்தது, மறக்க மாட்டேன். அப்புறம் அறை முழுக்க பிளீச்சிங் வாடை. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், வீட்டில் துணி வெளுக்கும் அதே இரசாயனம்தான். பெரியவர்களுக்குச் செய்யும் ரூட் கேனாலில் இதை இன்னும் காரமாகப் பயன்படுத்துவார்கள். இதில் 1.5 சதவீதம்தான். கிருமி சாக வேண்டும், நுனியில் இருக்கும் செல் சாகக் கூடாது. அந்தக் கணக்கில் மெதுவாகக் கழுவிக்கொண்டே இருந்தார். ரூட் கேனாலில் சுவரைச் சுரண்டுவார்கள் அல்லவா, இதில் அது கிடையாது. இருக்கிற சுவரே மெலிசு. காகிதக் குச்சிகளை உள்ளே விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, தற்காலிகமாக மூடி அனுப்பினார். கிருமி மருந்துகள் மூன்றைக் கலந்த பசையையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கும் மினோசைக்கிளின் பல்லைக் கறுக்க வைக்கும், முன்பல்லுக்கு வேண்டாம் என்றார்.

சில வாரத்தில் ஈறுக் கொப்புளம் இருந்த இடமே தெரியவில்லை. அது மறைந்த பிறகுதான் இரண்டாம் கட்டம்.

அன்று போட்ட மரத்துப்போகும் ஊசி வேறு வகை. வழக்கமான ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், அது ரத்தக் குழாயைச் சுருக்கும். இங்கே ரத்தம் வர வேண்டும் என்பதால் அது இல்லாத ஊசி. மருந்தை வழித்தெடுத்து, 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவினார். பல் உருவாகும்போதே அதன் சுவருக்குள் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் சில புதைந்துவிடுகின்றனவாம். இந்தக் கரைசல் சுவரின் மேல்படலத்தைக் கரைத்து அவற்றை வெளியே விடுகிறது.

பிறகு முடி போல மெல்லிய ஊசி ஒன்றின் முனையைக் கொஞ்சம் வளைத்து, நுனியைத் தாண்டிச் சற்றே உள்ளே விட்டுச் சுழற்றினார். ரத்தம் வரவில்லை. மறுபடி செய்தார். உதவியாளர் உறிஞ்சு குழாயைத் தள்ளிப் பிடித்தபடி நின்றார். நான் மகனின் காலடியில் உட்கார்ந்து அவன் கணுக்காலைப் பிடித்திருந்தேன். அவன் மேலே ஓடிய கார்ட்டூனில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் “வருது” என்றார். சின்னக் கண்ணாடியைத் திருப்பி எனக்கும் காட்டினார். பல்லின் துளைக்குள் அடர்சிவப்பாக ஒரு சொட்டு மெதுவாக ஏறி வந்து, ஈறு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதைத் துடைக்காமல் உறைய விட்டுக் காத்திருந்தார்.

“இந்த ரத்தக்கட்டிதான் சார் மருந்து. நான் மேல வைக்கிறது மூடி மட்டும்.”

மூடிக்கு எம்.டி.ஏ.வுக்குப் பதில் பயோடென்டின் என்ற, அதே போன்ற சிமென்ட் போட்டார். எம்.டி.ஏ.வில் இருக்கும் பிஸ்மத் ஆக்சைடு காலப்போக்கில் பல்லைச் சாம்பல் நிறமாக்குகிறது, பயோடென்டினில் அது இல்லை. அதற்கு மேல் பல் நிற அடைப்பு. அன்றைக்கு ராத்திரி இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

பல்லுக்குள் ரத்தக்கட்டியை விட்டுப் பார்க்கும் யோசனை புதிதில்லை. நார்வேயின் நைகார்ட் ஓஸ்ட்பி 1961-இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். 2001-இல் ஜப்பானிலிருந்தும் 2004-இல் அமெரிக்காவிலிருந்தும் நோயாளிகளின் பல்லில் செய்து காட்டிய கட்டுரைகள் வந்த பிறகுதான் மருத்துவமனைகளுக்குப் பரவியது. உள்ளே வருவது ஸ்டெம் செல் என்று புரிந்தது அதற்கும் பின்னால்.

மச்சினன் கையேட்டுக்கு வருகிறேன். அவன் சென்னையில் இருக்கிறான், குழந்தைகள் மேல் கொள்ளைப் பிரியம். மகனின் கதையைக் கேட்டதும் எங்கிருந்தோ பிடித்து அனுப்பிவிட்டான். “மாமா, பால் பல்லு விழும்போது தூக்கிப் போடாதீங்க. இதுல கட்டி வெச்சுட்டா நாளைக்கு எந்த வியாதி வந்தாலும் கவலையில்ல” என்று குரல் செய்தி வேறு. கையேட்டில் சர்க்கரை நோய், பக்கவாதம், தண்டுவடக் காயம், இதயம், ஆட்டிசம் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிரிக்கும் குழந்தை. கட்டணம் முதலில் ஒரு பெரிய தொகை, அப்புறம் வருடா வருடம்.

கடைக்குத் தினமும் ஒரு விற்பனைப் பிரதிநிதி வருவார். “இந்த மாடல் வண்டி இனிமே நிறைய ஓடும் அண்ணாச்சி, இப்பவே பாகத்தை வாங்கிப் போட்டுருங்க” என்பார். அந்த வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டதா என்பதுதான் என் முதல் கேள்வி. கையேட்டையும் அப்படித்தான் படித்தேன். எந்த நோய்க்கு இது ரோட்டுக்கு வந்திருக்கிறது?

கண்டுபிடிப்பு உண்மையானது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கிராந்தோஸ், ஷி முதலானோர் பெரியவர்களின் கடைவாய்ப்பல் கூழில் ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டினார்கள். 2003-இல் சாங்டாவ் ஷியின் குழு தானாக விழும் பால் பல்லிலும் இருப்பதைக் காட்டியது. ஷி குழந்தைகள் பல் மருத்துவரும்கூட. தன் மகளுக்கு விழுந்த பால் பல்லின் உள்ளே சிவப்பாகச் சதை ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனையே அவருக்கு வந்தது. ஒரு முன் பால் பல்லிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தவை சுமார் 12 முதல் 20 ஸ்டெம் செல்கள்தான். ஆனால் அவை ஆய்வகத்தில் வேகமாகப் பெருகின. எலும்பு உருவாவதைத் தூண்டின. கொழுப்பு செல்லாகவும், நரம்பு செல் போன்றதாகவும் மாறின. கரு வளரும்போது முகத்தின் எலும்பையும் நரம்பையும் உருவாக்கும் அதே செல் கூட்டத்திலிருந்து பற்கூழும் வருவதால், நரம்பு நோய்களுக்கு உதவுமோ என்ற நம்பிக்கை பிறந்தது.

அங்கிருந்து ஆய்வுகள் கிளை விட்டன. ஜப்பானின் நகோயாவில் தண்டுவடம் அறுக்கப்பட்ட எலிகளுக்கு மனிதப் பல்லின் ஸ்டெம் செல்லைச் செலுத்தினார்கள். பின்னங்கால் அசைவு ஓரளவு திரும்பியது என்று 2012-இல் எழுதினார்கள். நம் பக்கத்து பெங்களூரில், மணிப்பால் நிறுவனத்தைச் சேர்ந்த போன்டேயின் குழு இந்தச் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திரள்களை வளர்த்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் வைத்துச் சர்க்கரையை இறக்கிக் காட்டியது. அது 2013. இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆனால் ஒன்று எலி, இன்னொன்று சுண்டெலி. கையேட்டில் அந்த எலி காணாமல் போய்விடுகிறது.

மனிதர்களிடம் செய்ததும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் குழு, கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு குழிந்தவர்களுக்கு அவர்களுடைய பற்கூழ் செல்லைக் கொலாஜன் என்ற புரதத்தாலான பஞ்சில் ஏற்றி வைத்தது. எலும்பு நன்றாக நிரம்பியது, 2009-இல் வெளியிட்டார்கள். சில வருடம் கழித்து அதே நோயாளிகளைப் பார்த்தபோது, நுண்துளைகளோடு பஞ்சு போன்ற எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இறுகிய எலும்பு வளர்ந்திருந்தது. கெடுதல் இல்லை, ஆனால் இயற்கை செய்வதை அப்படியே செய்யவில்லை. பிளவு அண்ணம் உள்ள குழந்தைகளுக்கு இடுப்பெலும்பை வெட்டி எடுக்காமல், அவர்களின் பால் பல் செல்லை வைத்து ஈறு எலும்பை உண்டாக்கும் முயற்சி பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது இது போன்றவைதான். பல்லில் எடுத்ததை வாய்க்குள்ளேயே, எலும்புக்கோ பல்லுக்கோ பயன்படுத்துகிறார்கள்.

என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது சீனாவின் ஷியான் நகர ஆய்வு. 2018-இல் வந்தது. அடிபட்டுப் பற்கூழ் செத்த, வேர் வளர்ந்து முடியாத நிலைத்த பல் உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். என் மகனின் கதையேதான். 30 பேருக்கு அவர்களுடைய பால் பல் ஒன்றைப் பிடுங்கி, செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, செத்த பல்லுக்குள் வைத்தார்கள். 10 பேருக்கு நான் மேலே சொன்ன பழைய முறை. ஒரு வருடம் கழித்துச் செல் வைத்தவர்களில் 26 பேரைப் பார்க்க முடிந்தது. வேர் நீண்டிருந்தது, நுனி சுருங்கியிருந்தது, ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பியிருந்தன. பழைய முறைக் குழந்தைகளிடம் அது இல்லை.

முதலில் படித்ததும் எனக்கே ‘ஐயோ, மகனின் பால் பற்களைச் சேர்த்து வைத்திருக்கலாமே’ என்று தோன்றியது. மறுபடி படித்தேன். அந்தக் குழந்தைகளின் செல் எந்த உறைபெட்டியிலிருந்தும் வரவில்லை. தேவைப்பட்டபோது வாயிலேயே மிச்சமிருந்த பால் பல்லிலிருந்து எடுத்தார்கள். முன்பல் வேர் வளர்ந்துகொண்டிருக்கும் எட்டு ஒன்பது வயதில் கோரைப் பல்லும் கடைவாய்ப் பால் பற்களும் இன்னும் விழுந்திருக்காது. அதாவது பல் வங்கிக்கு மிகவும் பொருத்தமான நோயில்கூட வங்கி தேவைப்படவில்லை. செல்லைச் சுத்தமாக வளர்க்கும் ஆய்வகமும், அனுமதி பெற்ற சோதனையும்தான் தேவைப்பட்டன. அது இரண்டும் நம் பக்கத்துத் தெரு கிளினிக்கில் கிடையாது.

இந்தியாவில் சட்ட நிலைமையையும் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. வணிக முறையில் சேமிக்க அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான். பல், கொழுப்பு போன்ற மற்றவற்றை வங்கியாக நடத்த அனுமதி இல்லை. சிகிச்சை என்று ஏற்கப்பட்டிருப்பதும் ரத்த நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான். மற்றவை எல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்ற சோதனைக்குள்தான் செய்ய வேண்டும், அதில் சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ‘சோதனை’ என்று சொல்லிப் பணம் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மச்சினனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் வைக்கிறாங்களே மாமா?” என்றான். நியாயமான கேள்வி. நிறையப் பேர் குழம்பும் இடம். அதற்கு வைப்பது எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடியிலும் இருக்கும், ரத்தத்தை உருவாக்கும் செல். பற்கூழில் இருப்பது அந்த வகை இல்லை. அது ரத்தத்தை உருவாக்காது. தவிர, பிறவியிலேயே மரபணுவில் கோளாறு இருந்தால் குழந்தையின் பல் செல்லிலும் அதே கோளாறு இருக்கும். தன் செல்லைத் தனக்கே வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் பல் வங்கியில் சேர்த்திருப்பார்கள். அங்கே சட்டம் வேறு. யோசிப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடி ஆடித் தானாக விழுந்த பல்லில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வேர் கரைந்து, கடைசியில் ஈறில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ரத்த ஓட்டம் நின்று சதை காய்ந்துவிடும். செல் வேண்டுமென்றால் வேர் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பல் மருத்துவர் எடுக்க வேண்டும். உள்ளே சிவப்பாகச் சதை தெரிய வேண்டும். உடனே தகுந்த திரவத்தில், குளிர்ச்சியாக, ஒன்றிரண்டு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். சொத்தைப் பல் ஆகாது. தலையணைக்கு அடியில் வைத்த பல்லும், டப்பாவில் நினைவாக வைத்த பல்லும் ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவதுதான் வழக்கம். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

நடுவில் என் பெரியம்மா, “பல்லை எடுத்துக் கண்ணுல வெச்சுப் பார்வை குடுக்கறாங்களாமே, அதுவா இது?” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் அவர் சொன்னது உண்மை. சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். கருவிழி முற்றிலும் கெட்டவர்களுக்கு, அவர்களுடைய பல்லிலிருந்து வேரும் எலும்பும் சேர்ந்த ஒரு துண்டை வெட்டி, அதில் துளையிட்டு, சின்ன பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்திக் கண்ணில் வைப்பது. இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் தொடங்கியது. ஸ்டெம் செல் சம்பந்தமே இல்லை. பல் அங்கே லென்ஸைப் பிடித்து வைக்கும் சட்டம்தான். உடம்பு தன் பல்லைத் தள்ளாது என்பதால் பல். எனக்கென்னவோ கையேட்டில் இருந்த எல்லாவற்றையும்விட இது பெரிய அதிசயமாகப் பட்டது.

கீழே விழும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிலைத்த பல் முழுசாகவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, அதிலும் ஸ்டெம் செல் உண்டு என்று 2004-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல் மறுபடி எலும்போடு ஒட்டுவது அந்தச் சவ்வினால்தான். அழுக்காக இருந்தால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் திரும்ப வைத்து அமுக்குங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், செல் வெடித்துவிடும். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே வேண்டாம், கீழே வளரும் புதுப்பல்லைக் கெடுக்கும்.

பல் செத்து வேரும் வளராமல் நிற்கிறது என்று டாக்டர் சொன்னால், ‘நுனி எவ்வளவு திறந்திருக்கிறது, ரீவாஸ்குலரைசேஷன் செய்ய முடியுமா’ என்று கேளுங்கள். எல்லாரும் இதைச் செய்வதில்லை. குழந்தைகள் பல் மருத்துவர் அல்லது வேர் சிகிச்சை நிபுணர் வேண்டும். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு துறையும் இருக்கும், செலவும் மிகக் குறைவு. காத்திருக்க நேரம்தான் வேண்டும். தனியாரில் வழக்கமான ரூட் கேனாலைவிடக் கூடுதலாகவே ஆகும். நுனி மூடிவிட்ட பெரியவர்களின் பல்லுக்கு இது பொதுவாகச் செய்யும் சிகிச்சை இல்லை, எனவே நாற்பது வயதுச் சொத்தைப் பல்லுக்கு இதைக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். என் கடைக்கு வருபவர் ஒருவர் அதைத்தான் செய்தார்.

மகனின் பல் இப்போது எப்படி இருக்கிறது? கருநிழல் முதலில் போனது. எலும்பு நிரம்பிவிட்டது. வேர்ச் சுவர் தடிக்க இன்னும் நாள் எடுத்தது. பழைய எக்ஸ்ரேயையும் புதிதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரிகிறது. நுனி மூடிவிட்டது. நீளம் ஏதோ கொஞ்சம்தான் கூடியது, பக்கத்துப் பல் அளவுக்கு வரவில்லை. ஐஸ் வைத்துப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில குழந்தைகளுக்கு உணர்ச்சி திரும்புகிறது, பலருக்கு இல்லை. நிறம் கொஞ்சம் மங்கல். வளர்ந்த பிறகு உள்ளிருந்து வெளுக்க வைக்கலாம், இப்போது அவசரமில்லை என்கிறார் டாக்டர்.

உள்ளே வளர்ந்திருப்பது நிஜமான பற்கூழா என்று கேட்டேன். இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். இப்படிச் சிகிச்சை செய்து, பின்னால் வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட பற்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், உள்ளே பெரும்பாலும் வேரின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் பூச்சு போலவும் எலும்பு போலவும் திசு இருப்பதைத்தான் கண்டார்கள். ஸ்டெம் செல் வந்தது, வேலை செய்தது, ஆனால் பழைய சதையைத் திரும்பக் கட்டவில்லை. ஷியான் ஆய்வு அந்தக் குறையைத் தாண்டப் பார்க்கும் முயற்சி. என்னைக் கேட்டால் சுவர் தடித்ததே போதும். என் கவலை கிரிக்கெட் பந்துதான். அதற்கு வாய்க்கவசம் செய்து கொடுத்திருக்கிறோம், போடச் சொல்லி தினமும் ஒரு சண்டை.

கடைசியாகப் போனபோது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எந்தப் பல், என்ன சிகிச்சை, எப்போது, உள்ளே என்ன வைத்திருக்கிறது, எதற்கு மேல் அடைப்பு. இந்தப் பல்லின் வேருக்குள் வழக்கமான ரூட் கேனால் அடைப்பு இருக்காது. நாளைக்கு வேறு ஊரில் வேறு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், யாரோ பாதியில் விட்ட ரூட் கேனால் என்று நினைத்துத் துளை போட்டுவிட வாய்ப்பு உண்டாம். அந்தத் தாளின் படத்தையும் எல்லா எக்ஸ்ரேக்களையும் என் போனிலும் மனைவி போனிலும் வைத்திருக்கிறோம். மச்சினனுக்கும் அனுப்பி வைத்தேன். மகன் கல்லூரிக்குச் சென்னை போனால் அவன் வீட்டில்தான் இருப்பான்.